உன் பெயருக்கு அடுத்து என் பெயர்

இன்று காலை ரயிலில் என் இடத்தில் ஒரு கைக்குட்டை கிடந்தது. நீலக் கட்டம் போட்டது. எடுத்து மடியில் வைத்தபோது அந்துருண்டை வாசனை குப்பென்று ஏறியது. ஸ்டெல்லா அக்கா இன்னமும் நமக்கு இடம் பிடிக்கப் போடும் கைக்குட்டைகளை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், அந்துருண்டையோடுதான் போட்டு வைக்கிறார்கள். இந்த வாசனைக்குப் பூச்சி மட்டுமல்ல, மனுசரும் கிட்டே வரமாட்டார்கள் என்று நீ அவர்கள் காதில் விழும்படியே சொல்வாய். எனக்கு முதலில் தும்மல் வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டையும் அதே கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதே பதினோரு மாதமாக நானும் இந்த வண்டியில் ஏறவில்லை. இன்றைக்குத்தான் ஏறியிருக்கிறேன். இதைக் கைபேசியில், கட்டைவிரலால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். இருந்த காலத்தில் நீ ஒரு பிழையையும் பொறுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

நேற்று சாயங்காலம் நம் ரயில் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்தேன். அதனால் ஒரு கூத்து நடந்தது. அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். கூடவே, நாம் டேக்கல் ஸ்டேஷனுக்கும் மாலூருக்கும் நடுவே ரயிலில் போட்ட அந்தச் சண்டையில் நீ சொன்னதுதான் சரி என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது எனக்கு எவ்வளவு கஷ்டமான வேலை என்று உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், கேட்டுக்கொள். வரிசையாக எழுதினால்தான் எனக்குப் புரியும்.

பெண்கள் பெட்டியில் எதிரெதிராக ஆறு இடம். மாரிக்குப்பத்தில் வண்டி காலியாகக் கிளம்பும்போது ஸ்டெல்லா அக்கா ஏறி ஆறு இடத்திலும் கைக்குட்டை போடுவார்கள். அடுத்து சாம்பியனில் அமலா, விமலா என்ற அக்கா தங்கச்சி. ஊரிகத்தில் நர்ஸ் புஷ்பா. கோரமண்டலில் நீயும் நானும். பங்காருப்பேட்டையில் கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறும், அதற்குப் பிறகு பெங்களூரு வரைக்கும் நிற்க இடம் கிடைத்தாலே புண்ணியம். அதனால் பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. வராதவள் இடத்தில் கைக்குட்டை கிடக்கக் கூடாது. வரவில்லை என்றால் வண்டி கிளம்பும் முன் சொல்லிவிட வேண்டும், நிற்கிறவள் ஒருத்தி உட்காருவாள். சொல்லாமல் இடம் பிடித்து வைத்ததற்காகக் குடும்பச் சண்டை அளவுக்குப் போன நாட்கள் உண்டு.

ஸ்டெல்லா அக்கா தினம் விடியும்போதே ஐந்து பேருக்கும் போன் போட்டு வர்றியா, வர்றியா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் போனுக்குப் பயந்துதான் நீ கைபேசிக்கு ஒரு செயலியை எழுத ஆரம்பித்தாய். ஆறு பேர், ஆறு வரிசை, மேலிருந்து கீழே ஸ்டெல்லா அக்கா, அமலா, நீ, நான், புஷ்பா, விமலா. வருகிறவளுக்குப் பச்சை, வராதவளுக்குச் சிவப்பு. பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு எழுத இடம். உன் கம்பெனியில் நீ நாள் முழுக்கத் திரைகளைக் கட்டுகிறவள். என் கம்பெனியில் நான் பிறர் கட்டிய திரைகளில் குறை கண்டுபிடிக்கிறவள். பள்ளிக்கூட பெஞ்சிலிருந்தே நம் நட்பு அப்படித்தான் ஓடியது. எனக்கும் கட்டிப் பார்க்க ஆசை என்று ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். பட்டியல் திரையை நீயே எழுது என்று மடிக்கணினியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாய்.

திரை என்பது ஒரு மரம் என்று ஆரம்பித்தாய். அடியில் முழுத் திரை, அதிலிருந்து கிளைக்கும் பட்டியல், பட்டியலிலிருந்து ஆறு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பெயர், ஒரு விளக்கு, ஒரு குறிப்பு. ஒவ்வொன்றும் ஒரு கம்போனென்ட், அதாவது ஒரு உறுப்பு. நாம் எழுதுவது மரத்தை இல்லை, மரம் இந்த நிமிஷத்தில் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரத்தை மட்டும்தான். ஏதாவது மாறும்போதெல்லாம் விவரத்தைப் புதிதாக எழுதிக் கொடுக்கிறோம். கணினி பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசப்படுகிற இடத்தை மட்டும் திரையில் மாற்றுகிறது. விவரம் என்பது எழுதிக் கிழித்துப் போடுகிற காகிதம். ஆனால் கம்போனென்ட் தனக்குள் பத்திரமாக வைத்துக்கொள்கிற சங்கதி ஒன்று உண்டு. வருகிறாளா இல்லையா, என்ன எழுதினாள் என்பது போல. அதற்குப் பெயர் ஸ்டேட். காகிதம் எத்தனை தடவை கிழிந்தாலும் அது அப்படியே இருக்கும். நீ இவ்வளவையும் ஒரு இட்லி தின்று முடிப்பதற்குள் சொல்லிவிட்டு, புரிஞ்சுதா என்றாய். புரிந்தது என்று பொய் சொன்னேன்.

முதல் நாளே குட்டு வெளிப்பட்டது. வரிசையைத் தொட்டால் விளக்கு சிவப்பாக வேண்டும். நான் விளக்கையே நேராகப் பிடித்துச் சிவப்பாக்கினேன். ஆனது. கைதட்டிக்கொண்டேன். அடுத்த நொடி வேறு யாரோ குறிப்பு எழுத, பட்டியல் புதிதாக வரையப்பட, என் சிவப்பு மறுபடி பச்சையாகிவிட்டது. நான்கு தடவை செய்தேன், நான்கு தடவையும் பச்சை. நீ வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாய்.

"திரையத் தொடாதடி. உள்ள கீற நெலமய மாத்து. திரை தன்னால மாறும்."

அதை நான் கணினி விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டேன். பல மாதம் கழித்துத்தான் அது என்னையும் பற்றியது என்று தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சண்டைக்கு வருவோம். பட்டியலில் ஆறு வரிசையும் பார்வைக்கு ஒரே மாதிரி. எது யாருடையது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? நாம் அடையாளம் எதுவும் கொடுக்காவிட்டால் அது இடத்தைத்தான் கணக்கில் வைத்துக்கொள்ளும், முதல் இடம், இரண்டாம் இடம் என்று. நான் அப்படியே விட்டுவிட்டேன். நீ மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு அடையாளம் கொடு என்றாய். எதற்கு என்று கேட்டேன். தங்கச் சுரங்கத்துக்காரர்கள் கட்டிக்கொடுத்த நம் லைன் வீடுகளை நினைத்துப் பார் என்றாய். எல்லாம் ஒரே கூரை, ஒரே கதவு. கணினி வீட்டைப் பார்க்கும், குடும்பத்தைப் பார்க்காது. மூன்றாம் வீட்டுக்காரர்கள் காலி செய்துபோனால், நாலாம் வீட்டுக்காரர்களை மூன்றாம் வீட்டுக்குத் தள்ளும், ஐந்தாம் வீட்டுக்காரர்களை நாலுக்குத் தள்ளும், கடைசி வீட்டை இழுத்து மூடிவிடும். ஆள்தான் நகருவார்கள், சாமான் நகராது. மூன்றாம் வீட்டு அண்டாகுண்டா எல்லாம் நாலாம் வீட்டுக்காரர்கள் தலையில் விழும்.

அது வரைக்கும் சரி. பிறகுதான் நீ சறுக்கினாய். அடையாளமாக ஆளுக்கு ஆள் அப்பாவின் டோக்கன் நம்பரைப் போட்டுவிடலாம் என்றாய். சுரங்கத்தில் இறங்கியவர்களின் பித்தளை டோக்கன் நம்பர் இந்த ஊரில் எந்த வீட்டிலும் எல்லோருக்கும் மனப்பாடம். அப்பா எந்த ஷாப்டுக் குழியில் இறங்கினாலும், எந்த ஆழத்தில் வேலை செய்தாலும் நம்பர் மாறாது. உனக்கு அந்த யோசனையில் ஒரே பெருமை. நான் காத்திருந்தவள் மாதிரி கேட்டேன், அமலாவுக்கும் விமலாவுக்கும் ஒரே அப்பாதானே என்று. பெட்டியே சிரித்தது. ஸ்டெல்லா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்கள். உனக்கு முகம் சிவந்துவிட்டது.

நம்பர் எதுவானால் என்ன, ஆளுக்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதானே என்று நீ சொன்னாய். அது நியாயம். ஆனால் ஜெயித்த மிதப்பில் எனக்கு அது ஏறவில்லை. ஒன்பது வருஷமாக இந்த ஆறு பேர், இந்த ஆறு இடம், இங்கே இடம்தான் ஆள், மாற்ற ஒன்றும் இல்லை என்று அடித்துப் பேசினேன்.

"மாறாதுன்னு யாருடி உனக்கு எழுதிக் குடுத்தாங்க? நாளைக்கி விமலாவுக்குக் கல்யாணம் ஆயி பெங்களூருக்கே போயிட்டா இன்னா பண்ணுவே?"

அப்போது பார்ப்பேன் என்றேன். நீ பெங்களூரு கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாய். மறுநாள் நீயே பேசினாய், எனக்குப் பிடிக்குமென்று வேர்க்கடலைச் சட்னி கொண்டுவந்தாய். சண்டை தீர்ந்துபோனது. செயலியில் நான் எழுதிய வரிகள் மட்டும் திருத்தாமல் அப்படியே இருந்தன. விமலாவுக்கு இன்னமும் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், தெரியுமா?

அந்தச் சண்டை முடிந்து எட்டு மாதத்தில் உன் வரிசையில் சிவப்பு அதிகமாகத் தெரிய ஆரம்பித்தது. தலைவலி என்று ஒருநாள் குறிப்பு. ரேஷன் கடை என்று ஒருநாள். பிறகு கோலாருக்குப் போகிறேன், நிலத்து வழக்கு என்று அடிக்கடி. உங்கள் வீட்டுக்கு நிலமே கிடையாது என்பது எனக்குத் தெரியும். கேட்டேன். கோரமண்டல் பிளாட்பாரத்தில் வைத்து, வண்டி வரும் சத்தத்தில் சொன்னாய். ரத்தத்தில் கோளாறு, மாவட்ட ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள் என்று. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொண்டாய். அக்கா அழ ஆரம்பித்தால் வண்டி முழுக்க அழும், அதை என்னால் பார்க்க முடியாது என்றாய்.

அதற்காக எனக்கு உன் மேல் கோபம். இப்போதும் கோபம்தான். செயலியில் மேலே ஒரு வரி எழுதினோமே, இன்று எத்தனை இடம் காலி என்று. அந்தக் கணக்கு வரிசைகளுக்கும் வேண்டும், மேலே உள்ள வரிக்கும் வேண்டும். நான் அதை ஒரு வரிசைக்குள்ளேயே வைத்துத் திண்டாடியபோது நீ என்ன சொன்னாய்? பல பேருக்கு வேண்டியதை ஒருத்திக்குள் பூட்டி வைக்காதே, எல்லோருக்கும் பொதுவான இடத்துக்கு மேலே ஏற்றிவிடு என்றாய். அப்படிச் சொன்னவள் ஆறு பேருக்கு வேண்டிய சங்கதியை எனக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாய். சாவியையும் தரவில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து உன் வரிசையில் எழுதினாய், நாளைக்கு வரேன் என்று. விளக்கையும் பச்சையாக்கினாய். நீ எழுந்து உட்காரவே மாட்டாய் என்று அன்று மதியம்தான் உன் அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லா அக்கா உன் இடத்தில் கைக்குட்டை போட்டார்கள். கோரமண்டலில் நீ ஏறவில்லை. கோலாரிலிருந்து வருகிறாள், பங்காருப்பேட்டையில் ஏறுவாள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். பங்காருப்பேட்டையில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து அந்த இடத்தைக் கேட்டாள். ஆள் வருது என்று அக்கா விடவில்லை. அந்தப் பெண் கன்னடத்தில் திட்டினாள், இவர்கள் தமிழில் திட்டினார்கள். நான் அந்தக் கைக்குட்டைக்குப் பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்திருந்தேன். உனக்குச் சத்தியம் செய்திருந்தேனே. டேக்கல் போயிற்று. மாலூரில் உன் அண்ணன் போன் செய்தார்.

பிறகு பெட்டிக்கு எல்லாம் தெரிந்தது. ஸ்டெல்லா அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், உனக்கு முன்னாடியே தெரியுமா என்று. தலையாட்டினேன். கைக்குட்டையை எடுத்து மடித்து டப்பாவில் போட்டு மூடினார்கள். அடக்கத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னால் அந்த வண்டியில் ஏற முடியவில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொண்டேன். பட்டியலில் என் வரிசையிலும் அதையே குறிப்பாக எழுதி, விளக்கைச் சிவப்பாக்கினேன். ஆண்டர்சன்பேட்டைக் கடைகளுக்குக்கூட அவர்கள் யாரும் எதிர்ப்படாத நேரம் பார்த்துப் போனேன். அம்மா கேட்டால் சிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாராவது நலம் கேட்டால் நல்ல முகம் வைத்துக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் முகம் பழையபடி ஆகிவிடும். நான்கு தடவை சிவப்பாக்கி நான்கு தடவையும் பச்சையான விளக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் மறுபடியும் திரையைத்தான் தொட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பதை எப்படி மாற்றுவது என்று நீ சொல்லிக்கொடுக்கவில்லை.

உன் வரிசை அப்படியே இருந்தது. விளக்கு தினமும் தானே அணைந்துவிடும், குறிப்பை எழுதியவள்தான் மாற்ற வேண்டும் என்று நீதான் வைத்திருந்தாய். மாற்ற ஆள் இல்லை. நாளைக்கு வரேன் என்று பதினோரு மாதம் உன் பெயருக்குக் கீழே இருந்தது. நான் வண்டியில் ஏறாவிட்டாலும் தினமும் அந்தத் திரையைத் திறந்து பார்த்தேன். மற்றவர்களும் பார்த்திருப்பார்கள். எடுக்கச் சொல்லி ஒருத்தியும் கேட்கவில்லை.

போன மாதம் கம்பெனியில் எல்லோரும் ஆபீசுக்கு வந்தே தீர வேண்டும் என்றார்கள். வேலையை விடுகிறேன் என்று கடிதம் எழுதினேன். அனுப்பாமல் வைத்திருந்தேன். திங்கட்கிழமை, அதாவது நேற்று, அனுப்பிவிடுவது என்று இருந்தேன். அம்மாவின் மருந்துச் செலவை நினைத்துத்தான் அதுவரை கை வரவில்லை.

அதே நேற்று மதியம் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பதினோரு மாதத்தில் எனக்கென்று அவர்கள் அனுப்பிய முதல் செய்தி. பங்காருப்பேட்டையில் ஏறுகிற நந்தினிக்கு ஏழாம் மாதம், நிச்சயமான ஒரு இடம் வேண்டும், உன் பெயரை எடுத்துவிட்டு அவள் பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நான்தான் வருவதில்லையே, என் பெயரை எடுத்துவிடட்டுமா என்று பதில் போட்டேன். உன்னுது இருக்கட்டும் என்று இரண்டே வார்த்தை வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

வரிசையை எடுத்தால் அது உள்ளே வைத்திருப்பதும் போய்விடும். உன்னுடைய அந்தக் கடைசி இரண்டு வார்த்தையும் போய்விடும். படம் பிடித்து வைத்துக்கொண்டேன். படம் படம்தான், நீ எழுதிய இடத்தில் நீ எழுதியது ஆகாது. சாயங்காலம் ஐந்தரை மணி வரைக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நந்தினியின் வயிற்றை நினைத்துக்கொண்டு நீக்கு என்பதை அழுத்தினேன்.

உன் பெயர் மறைந்தது. என் பெயர் ஒரு படி மேலே வந்தது. அதன் கீழே எழுதியிருந்தது, நாளைக்கு வரேன்.

இரண்டு தடவை படித்தேன். அடுத்த நொடி தெரிந்துவிட்டது. மூன்றாம் வீடு காலியாகி, நாலாம் வீட்டுக்காரி உள்ளே வந்திருக்கிறாள், சாமான் அங்கேயே இருக்கிறது. எனக்குக் கீழே புஷ்பாவின் பெயர், அதில் என்னுடைய குறிப்பு, வீட்டிலிருந்து வேலை. ஆஸ்பத்திரி நர்சுக்கு வீட்டிலிருந்து வேலை. அதற்கும் கீழே விமலா, அவள் தலையில் புஷ்பாவின் நைட் டூட்டி. விமலா எழுதியிருந்ததைக் காணோம், கடைசி வீட்டோடு போய்விட்டது. நீ சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் நடந்திருந்தது. பதினோரு மாதம் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தார்கள்.

அவரவர் எழுதியது அவரவர் பெயரில் தனியாகவும் சேமிக்கப்பட்டிருந்தது, அதனால் திரையை மூடித் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அந்த நேரம் அவர்கள் திரும்பும் வண்டியில், நாளைக்கு யார் யார் என்று பார்க்கத் திரையைத் திறந்து வைத்திருக்கும் நேரம். போன் அடித்தது. வண்டிச் சத்தத்துக்கு நடுவே ஸ்டெல்லா அக்கா.

"இன்னாடி இது? அவ எழுதினது உன் பேருக்குக் கீழ வந்து குந்திகினு கீது."

அது என் தப்பு, அவள் அன்றைக்கே சொன்னாள், இப்போதே சரி செய்துவிடுகிறேன் என்று உளறினேன். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. பின்னால் விமலா, எனக்கு எப்படி நைட் டூட்டி வந்தது என்று கத்திக்கொண்டிருப்பது கேட்டது.

"சரி பண்றத அப்புறம் பண்ணு. காலையில நான் கைக்குட்டை போட்டுடறேன்."

போனை வைத்துவிட்டார்கள். வராதவள் இடத்தில் கைக்குட்டை கிடக்கக் கூடாது என்ற சட்டத்தை அவர்களை விடக் கறாராகக் காத்தவர் அந்தப் பெட்டியில் யார்? அவர்கள் போட்டுவிட்டால் நான் வந்தாக வேண்டும்.

நான் திரையை மூடவில்லை. கைபேசியை மின்சாரத்தில் செருகி அப்படியே வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோதும் என் பெயருக்குக் கீழே உன் வார்த்தைகள் இருந்தன. முகம் கழுவி, புடவை கட்டி, கோரமண்டலுக்கு நடந்தேன். பெட்டிக்குள் ஏறியதும் அமலா தன் பையை எடுத்து வழி விட்டாள். என் இடத்தில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை இருந்தது. உன் இடத்தில் பச்சைப் பூப்போட்டது ஒன்று, நந்தினிக்காக.

பங்காருப்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால்தான் அக்கா பேசினார்கள், என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்து.

"செத்தவ மேல கோவப்பட முடியலடி. அதான் உன்மேல பட்டுட்டேன்."

எனக்கும் அவள் மேல்தான் கோபம் அக்கா என்றேன். இரண்டு பேருமாக உன்னைக் கொஞ்ச நேரம் திட்டினோம். உனக்குப் புரை ஏறியிருக்கும்.

நந்தினி மூச்சு வாங்க ஏறினாள். உன் இடத்தைக் காட்டி, இங்கே யாராவது வருகிறார்களா என்று கன்னடம் கலந்த தமிழில் என்னிடம் கேட்டாள். இல்லை, உட்கார் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை அதே இடத்தைக் கேட்ட பெண்ணிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. பதினோரு மாதம் கழித்து வேறொருத்தியிடம் சொன்னேன். சொல்ல முடிந்தது.

இப்போது சாயங்கால வண்டி. காலையில் பாதியில் நிறுத்தியதைத் தொடர்கிறேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தப்பைச் சரி செய்தேன். ஆளுக்கு ஒரு எண், இடத்துக்கு இல்லை. டோக்கன் நம்பர் இல்லை, பயப்படாதே. செயலிக்குள் யார் முதலில் வந்தார்கள் என்ற வரிசைப்படி கொடுத்தேன். எழுதியவள் நீ, அதனால் ஒன்றாம் எண் உன்னுடையது. அக்காவுக்கு இரண்டு. எனக்கு மூன்று. நந்தினிக்கு ஏழு. அவளுக்கு ஒன்றாம் எண்ணையே கொடுத்திருக்கலாம், காலியாகத்தானே இருக்கிறது என்று நீயே கேட்பாய். உன் இடத்தைக் கொடுத்தாயிற்று. எண்ணைக் கொடுக்க மாட்டேன். மூன்று வரி எழுதியதில் வேலை முடிந்துவிட்டது. உன்னோடு சண்டை போட்ட நேரத்தில் நூறு தடவை எழுதியிருக்கலாம்.

வேலையை விடும் கடிதத்தையும் மதியமே அழித்துவிட்டேன்.

புதிய வரிகள் செயலிக்குள் போனதும் எல்லோருடைய திரையும் புதிதாகத் திறந்தது. அவரவர் பெயருக்குக் கீழே அவரவர் எழுதியது. விமலாவுக்கு நைட் டூட்டி போயிற்று. என் வரிசையில் பழையபடி வீட்டிலிருந்து வேலை என்று நின்றது. உன்னுடைய இரண்டு வார்த்தை இனி எந்தத் திரையிலும் இல்லை. அது போகும் என்று தெரிந்தேதான் செய்தேன்.

உன்னால் வர முடியாது என்று தெரிந்தும் நீ ஏன் அப்படி எழுதினாய் என்று பதினோரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களை ஏமாற்றவா, உன்னையே ஏமாற்றிக்கொள்ளவா என்று. இன்று அந்தக் கேள்வி முன்பு போலக் குத்தவில்லை. உனக்கு வர ஆசையாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

பங்காருப்பேட்டை தாண்டிவிட்டோம். கூட்டம் இறங்கி, பெட்டியில் நம் ஆட்கள் மட்டும்தான். நந்தினியும் இறங்கிப் போயாயிற்று. ஸ்டெல்லா அக்கா நாளைக்கு யார் யார் என்று கேட்டுக்கொண்டே டப்பாவில் கைக்குட்டைகளை மடித்து வைக்கிறார்கள். செயலி இருந்தாலும் வாயால் கேட்காமல் அவர்களுக்கு ஆகாது. கோரமண்டல் வரப்போகிறது, நான் எழுந்து நிற்க வேண்டும். என் வரிசையைத் திறந்து, அங்கே இருந்ததை அழித்துவிட்டு, இந்த முறை நானே எழுதினேன்.

நாளைக்கு வரேன்.